மெத்தைக்காவும் நீலக்கழுத்தனும்

மெத்தைக்கா எந்த வண்டியில் ஏறினாலும், யார் வீட்டுக்குப் போனாலும், உட்காருவதற்கு முன் இருக்கையை உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பாள். கை எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு சீக்கிரம் மேலே வருகிறது என்பதிலேயே அந்த வீட்டுக்காரரின் குணம் பாதி தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. ஒருமுறை பல் வைத்தியரின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது, அடித்தையலைப் பார்ப்பதற்காக நாற்காலியையே கவிழ்த்துவிட்டாள். கதவைத் திறந்து, அடுத்த ஆள் யார் என்று கேட்ட வைத்தியருக்குத் தரையிலிருந்துதான் பதில் வந்தது. "இத யாருங்க தச்சது? நூல் அப்படியே இழுத்துக்கிட்டு வருது." கன்னம் பந்து போல வீங்கியிருந்த நிலையில் கேட்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பேருந்துப் பணிமனையின் பின்கொட்டகையில் கிழிந்த சீட்டுகளைத் தைத்துத் தொழில் பழகியவள் அவள். இப்போது வீட்டுக்குப் பின்னால் சொந்தக் கொட்டகை. கார் சீட்டு, சோபா, முடிதிருத்தும் கடை நாற்காலி என்று மனிதர்கள் உட்காரும் எல்லாவற்றுக்கும் உறை தைப்பாள். வீட்டுக்கு முன்னால் கணவரின் கண்ணாடிக் கடை. ஜன்னல் கண்ணாடியும் முகம் பார்க்கும் கண்ணாடியும் அறுத்துப் பொருத்திக் கொடுப்பார். முன்னால் உடைவது, பின்னால் உடையாதது என்று தெருவில் கேலி பேசுவார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்த சமையலறையில் இருவரும் நன்றாகவே குடித்தனம் நடத்தினார்கள்.

அவளுக்குக் கைக்கு எட்டாதது கண்ணுக்கும் எட்டாது. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, அக்கறையில்தான். தூரத்து மலை, நிலா, பறவை எல்லாம் அவள் கணக்கில் அடுத்தவர் வீட்டுச் சமாசாரம்.

கண்ணாடிக்காரருக்கு நேர் எதிர்ச் சுபாவம். ஒரு வங்கியின் முகப்பில் ஆளுயரக் கண்ணாடி பதித்து, அதைத் தானே துடைத்துவிட்டு, கண்ணாடி இருப்பதே தெரியவில்லை பார்த்தீர்களா என்று நாலு பேரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தார் அவர். ஆமாம், தெரியவில்லை என்று சாட்சி சொல்ல வந்ததுபோல ஒரு சின்னப் பறவை நேராக வந்து மோதி விழுந்தது. பதறிப்போய் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அது கண்ணைத் திறந்து, அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தக் கையை முழுதாக மூடவில்லை. கையில் வெட்டுக்காயம் போலிருக்கிறது என்று மெத்தைக்கா மருந்து எடுக்க ஓடினாள். அந்தக் காயம் மருந்தால் ஆறுகிற வகை இல்லை என்பது அவர் தொலைநோக்கி வாங்கி வந்தபோதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் தினமும் ஒரு நாடகம். மாடியிலிருந்து, "ஏய், சீக்கிரம் வா, சீக்கிரம்" என்பார். அவள் கையிலிருக்கும் ஊசியைத் துணியில் குத்திவிட்டு, முழங்கால் நோவோடு படியேறிப் போவாள். "எங்க?" என்பாள். "இப்பத்தான் பறந்துச்சு" என்பார். இது வருடக்கணக்கில் நடந்தது. உலகத்தில் எத்தனையோ வகைப் பறவை இருந்தாலும் அவள் கணவர் பார்ப்பதெல்லாம் 'இப்பத்தான்' என்ற ஒரே வகை என்று அவள் தம்பி கண்டுபிடித்துச் சொன்னான். தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை. தொப்பை விழுந்த, இரண்டு பிள்ளை பெற்ற, கண்ணாடி லோடு ஓட்டும் வேன் டிரைவர்.

"அக்கா, மச்சான் நெஜமாவே பாக்குறாரா, இல்ல நீ படியேறணும்னு கூப்பிடுறாரா? டாக்டர் ஏதும் சொல்லியிருப்பாரு" என்பான்.

அவளும் சிரிப்பாள். உண்மையில் அவளுக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. பாதியாவது கற்பனையாக இருக்கும் என்றுதான் நினைத்தாள்.

அந்த வருடம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. வெகுதூரத்து நகரத்தில் ஒரு நடனப் பள்ளி. சுவர் முழுக்க ஆளுயரக் கண்ணாடி வேண்டும். எதிர்ச்சுவர் ஓரமாக மெத்தை வைத்த நீளமான பெஞ்சு வேண்டும். கண்ணாடியை அவர் பதிக்க, மெத்தையை அவள் அங்கேயே அளந்து தைக்க, தம்பி வண்டி ஓட்ட, மூன்று பேரும் வேனின் முன்சீட்டில் ஒட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கண்ணாடிக்காரரின் முதுகு போன வருடமே சொல்பேச்சு கேட்பதை நிறுத்திவிட்டிருந்தது. இதுதான் கடைசித் தூர லோடு என்று மகள் போனில் சத்தியம் வாங்கியிருந்தாள். அவ்வளவு தூரத்து வேலையை அவர் ஏன் ஒப்புக்கொண்டார் என்பது மட்டும் மெத்தைக்காவுக்கு விளங்கவில்லை.

கண்ணாடி லோடு ஏற்றிய வண்டிக்கு ஒரு விதி உண்டு. பிரேக்கை மிதிக்கக் கூடாது. தூங்கும் குழந்தையின் தலையைத் தடவுவதுபோலத் தடவ வேண்டும். வேனின் இடப்பக்கத்தில், வெளியே, சாய்வான சட்டம். அதில் கண்ணாடிகள் நடுவில் காகிதம் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்திருக்கும். முதுகிலுள்ள ரசப் பின்பூச்சில் கீறல் விழுந்தால் கண்ணாடி வீண் என்பதால் எல்லாமே முகம் வெளிப்பக்கமாக. அதற்கு மேல் மெத்தைக்கா தைத்த தடித்த உறை. ஆக, கண்ணாடிக்காரர், "மாப்ள, நிறுத்து, நிறுத்து, வேலிமேல ஏதோ உக்காந்திருக்கு" என்று சொல்லும் இடத்துக்கும் வேன் நிற்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு சின்ன கிராமமே இருக்கும்.

"எறங்கிக்கோங்க மச்சான்" என்பான் தம்பி. "நடந்து போய்ப் பாத்துட்டு வர்றதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டுடுறேன்."

அவர் உண்மையாகவே இறங்கி நடப்பார். திரும்பி வந்து மூச்சு வாங்க ஏறுவார். அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்காமலிருப்பதுதான் அவருக்குக் கேட்பதைவிட எரிச்சலாக இருக்கும்.

"சரி, பறந்துடுச்சு. அதுக்கென்ன இப்போ?" என்பார் தானாகவே.

"நாங்க ஒண்ணுமே சொல்லலியே" என்பாள் மெத்தைக்கா.

இரண்டாம் நாள் காலையில் நல்ல மழை. மழை விட்டதும் தம்பி வாய் தவறிக் கேட்டான். "மச்சான், அந்த ஏரி இன்னும் எவ்ளோ தூரம்?"

மெத்தைக்கா இடமும் வலமும் திரும்பினாள். இருவருமே ரோட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வாழ்க்கையில் ரோட்டையே பார்த்திராதவர்கள் போல.

"எந்த ஏரி?"

"போற வழிதான்" என்றார் கணவர்.

"எந்த ஏரின்னு கேட்டேன். போற வழியா வர்ற வழியான்னு கேக்கல."

மெல்ல மெல்ல வெளியே வந்தது. நாணல் அடர்ந்த ஏரி ஒன்று. அதில் நீலக்கழுத்தன் என்று ஒரு சின்னப் பறவை. கூடு கட்டும் காலத்தில் மட்டும் அங்கே வரும். நாணலுக்குள்ளேயே ஒளிந்து திரியும். புத்தகத்தில் அதன் படம் இருந்த பக்கம் புரட்டிப் புரட்டி வேறு நிறத்துக்கே மாறியிருந்தது. மெத்தைக்காவிடம் அந்தப் படத்தை அவர் காட்டாத வாரம் இல்லை. அந்த ஏரி இந்த ஒரு ரோட்டில்தான் வருகிறது. அவருக்கு இனித் தூர லோடு இல்லை.

"அப்போ இந்த வேலைய ஒத்துக்கிட்டது டான்ஸ் ஸ்கூலுக்காக இல்ல."

"டான்ஸ் ஸ்கூலுக்காகவும்தான்."

"நான் ரெண்டு நாளா இந்த சீட்டுல நசுங்கி வர்றது ஒரு குருவிக்காக."

"குருவி இல்ல" என்றார் அவர் மெதுவாக. "ஒரு மணி நேரம் போதும். பாத்துட்டா அதோட சரி. பாக்கலன்னாலும் அதோட சரிதான்."

கடைசி வாக்கியத்தைச் சொன்ன விதத்தில் அவளுக்குக் கேலி செய்ய வாய் வரவில்லை. "ஒரு மணி நேரம்தான்" என்று மட்டும் சொன்னாள்.

ஏரிக்கரையில் தார் ரோடு முடிகிற இடத்தில், நாணலை ஒட்டி வேனை நிறுத்தினார்கள். இறங்கியதும் கண்ணாடிக்காரர் உறையைத் தொட்டுப் பார்த்தார். மழையில் ஊறிப்போயிருந்தது. ஈர உறை ஓரத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தால் பின்பூச்சில் கரும்புள்ளி படரும். ஆகவே உறையைக் கழற்றி வேலிக்கம்பியில் வெயிலுக்குப் போட்டார்கள். ஆளுயரக் கண்ணாடி பளபளவென்று நாணலைப் பார்த்து நின்றது. அந்த இடத்தில், அந்தப் பருவத்தில், கண்ணாடியை அந்தத் திசையில் காட்டக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டியவர் ஒரே ஒருவர்தான். அவர் அப்போது மாப்பிள்ளையின் செருப்புச் சத்தத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"செருப்பக் கழட்டிடு மாப்ள. போனையும் குடு."

"எதுக்கு?"

"நேரம் காலம் தெரியாம ஒம் பொண்டாட்டி கூப்பிடுவா. ஏரியே எந்திரிச்சு ஓடிடும்."

இரண்டு போனையும் வேனின் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டு மூடினார். நீலக்கழுத்தன் அக்கரைப் பக்கம்தான் இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். மச்சானும் மாப்பிள்ளையும் வெறுங்காலோடு, திருடப் போகிறவர்கள் மாதிரி கரையோரமாகப் பதுங்கிப் போனார்கள். வேன் சாவி தம்பியின் சட்டைப்பையில் குலுங்கிக்கொண்டே போனது.

மெத்தைக்கா கருவிப்பெட்டிமேல் உட்கார்ந்து, பெஞ்சு மெத்தைக்கான பட்டனுக்குத் துணி சுற்றத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். யாரோ கல்லெறிகிறார்கள் என்று நினைத்தாள். மறுபடி 'டக்'. "யாருடா அது?" என்று எழுந்து வேனின் மறுபக்கம் போனாள்.

கைநீட்டினால் தொடலாம் என்ற தூரத்தில், கண்ணாடிச் சட்டத்தின் கீழ்விளிம்பில் ஒரு சின்னப் பறவை. மார்பைப் புடைத்துக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த தன்னையே முறைத்துக்கொண்டிருந்தது. கழுத்து முழுக்க நீலம்.

"அட, நீயா?" என்றாள் மெத்தைக்கா.

பறவை அவளைச் சட்டை செய்யவில்லை. அதற்குத் தலைக்குமேல் வேலை இருந்தது. தன் இடத்தில் தன்னைப் போலவே ஒருவன் வந்து, தான் மார்பைப் புடைத்தால் அவனும் புடைத்து, தான் வாலை விரித்தால் அவனும் விரித்து, கொஞ்சமும் மரியாதை இல்லாமல் நிற்கிறான். பாய்ந்து கொத்தியது. விழுந்தது. எழுந்து சட்டத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய், அயோக்கியன் எங்கே ஒளிந்தான் என்று எட்டிப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. முன்பக்கம் வந்தால் மறுபடி நிற்கிறான். மெத்தைக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்குத் தெரிந்த இரண்டு பங்காளிகள் வாய்க்கால் தகராறில் இப்படித்தான் குதித்தார்கள்.

சிரித்தபடியே பார்த்தாள். பிறகு சிரிப்பதை மறந்து பார்த்தாள். வாழ்நாளில் ஒரு பறவையை இவ்வளவு நேரம் அவள் பார்த்ததில்லை. ஒரு பறவையும் இவ்வளவு நேரம் அவளுக்காக நின்றதில்லை. அப்போதுதான் கணவர் நினைவு வந்தது. ஓடிப்போய்த் தன் போனை எடுத்து அழைத்தாள். டாஷ்போர்டுப் பெட்டிக்குள்ளிருந்து மணி அடித்தது. தம்பியை அழைத்தாள். அதே பெட்டிக்குள்ளிருந்து ஒரு சினிமாப் பாட்டு கேட்டது.

கரையில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆளைக் காணோம். "ஏங்க" என்று கத்தலாம். கத்தினால் இது ஓடிவிடும். வருவார், வந்துவிடுவார், அதுவரை இரு சாமி என்று பறவையைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சினாள்.

பறவை இருந்தது. அதுதான் பிரச்சினையாகிப் போனது. மோதி மோதி, இறக்கை ஒன்று சரியாக மடங்காமல் தொங்கத் தொடங்கியது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அலகின் அடியில் சிவப்பாக ஒரு கசிவு. அடுத்த முறை கொத்தியபோது கண்ணாடியில் ஊசிமுனை அளவுக்கு ரத்தப்பொட்டு பதிந்தது. கையைத் தட்டி விரட்டினாள். நாணலுக்குள் போய், அவள் நகருவதற்குள் திரும்பி வந்தது. தோள் துண்டை எடுத்துக் கண்ணாடிமேல் போட்டாள். காற்று அதை வாங்கித் தரையில் போட்டது. உறையோ இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தனியாளாகத் தூக்கவும் முடியாது. வேனைத் திருப்பி நிறுத்தலாம் என்றால் சாவி அக்கரையில்.

இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அவர் பார்த்துவிடுவார். அவள் அதை நன்றாகவே யோசித்தாள். யோசிக்கும்போதே மறுபடி 'டக்' என்றது. இந்த முறை பறவை விழுந்து, எழ நேரம் எடுத்துக்கொண்டது.

மெத்தைக்கா பயணப் பையைத் திறந்து குளியல் சோப்பை எடுத்தாள். தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து நனைத்துக்கொண்டு, கருவிப்பெட்டிமேல் ஏறி நின்று, கணவர் மூன்று நாள் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்த கண்ணாடியில் மேலிருந்து கீழாக இழுத்தாள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோல முடிந்தவரை இடம் விடாமல் பூசினாள். கண்ணாடி வெள்ளையாகிப் போனது.

நாணலிலிருந்து பறவை வந்தது. சட்டத்தில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் பார்த்தது. எதிராளியைக் காணோம். வேலிக்கம்பியில் அலகைத் துடைத்துக்கொண்டது. பிறகு ஜெயித்தவன் நடையில் இரண்டு தத்து தத்தி, நாணலுக்குள் நுழைந்து மறைந்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்று காத்திருந்தாள். திரும்பி வரவில்லை.

சோப்புக் கையை அவள் துடைத்து முடிக்கும் முன்பே அவர்கள் வந்துவிட்டார்கள். முழங்கால்வரை சேறு. கணவர் முகத்தைப் பார்த்ததுமே ஒன்றும் பார்க்கவில்லை என்று தெரிந்துபோனது. முதலில் தம்பிதான் கண்ணாடியைப் பார்த்தான்.

"அக்கா, இது என்ன கூத்து?"

"வந்துச்சு" என்றாள் அவள். கணவரைப் பார்த்துத்தான் சொன்னாள். "இங்கயே வந்துச்சு. கண்ணாடியில தன்னையே பாத்து அடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ரொம்ப நேரம். ரத்தம் வந்துடுச்சு. அதான் பூசிட்டேன். போயிடுச்சு."

எப்போது என்று தம்பி கேட்டான். 'இப்பத்தான்' என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் தன் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள் என்று தோன்றியது. "நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி" என்றாள்.

"அஞ்சு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதாக்கா? இந்த மனுஷன் எனக்கு அட்டைப்பூச்சி கடிக்க கடிக்க, மூச்சு விடாதே மூச்சு விடாதேன்னு…"

"மாப்ள, நீ சும்மா இரு" என்றார் கண்ணாடிக்காரர்.

அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனார். கீழ் ஓரத்தில் சோப்பு படாத ஒரு விரல்கடை இடத்தில் அந்தச் சிவப்புப் பொட்டு இருந்தது. குனிந்து பார்த்தார். முதுகு பிடித்துக்கொண்டது; அப்படியும் குனிந்தே நின்றார்.

"நான்தான் இந்தப் பக்கம் நிறுத்தச் சொன்னேன்" என்றார். பிறகு, "நீ செஞ்சது சரிதான்" என்றார். நிமிர்ந்தபோது கண்கள் அவளைப் பார்க்காமல் நாணல் பக்கம் போய்விட்டு வந்தன.

உறை வெயிலில் காய்ந்ததும் போட்டுக் கட்டினார்கள். சோப்பை அவர் துடைக்கவில்லை. வழியில் எங்காவது உறை நழுவினாலும் இன்னொரு பறவை வந்து மோதாது, இருக்கட்டும் என்றார். வேன் ரோட்டில் ஏறியது. மெத்தைக்கா பழக்கதோஷத்தில் சீட்டை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வந்தாள். அவர் அவளை ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. வேறு ஏதாவது குருவியாக இருக்கும், உனக்கு என்ன தெரியும் என்று ஒரு வார்த்தை வரவில்லை. நீ சொன்னால் வந்திருக்கும், அவ்வளவுதான் என்பதுபோல இருந்தார். அதுதான் அவளைக் குடைந்தது. எத்தனை வருடம் படியேறிப் போய் இந்த மனிதரைப் பொய்யர் என்று நினைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள்.

"என்னங்க."

"ம்."

"என்னக் கேளுங்களேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, பரீட்சைக்கு உட்கார்ந்தவர் மாதிரி நேராக உட்கார்ந்தார்.

"நீலம்னா என்ன நீலம்?"

"புது ரெக்சின் ரோலப் பிரிச்சதும் வெளிச்சத்துல ஒரு பளபளப்பு வரும்ல, அந்த நீலம். கழுத்து முழுக்க. நடுவுல ஒரு துண்டு மட்டும் செங்கல் கலர்ல, ஒட்டுப் போட்ட மாதிரி."

"நடுவுலயா?"

"நடுவுலதான். நீலத்துக்குக் கீழ கருப்பா ஒரு பைப்பிங், உறை ஓரத்துல வச்சுத் தைப்போமே அந்த நாடா மாதிரி. அதுக்குக் கீழ வெள்ள. அதுக்கும் கீழ மறுபடி செங்கல். நாலு துணி, ஒரு சுருக்கம் இல்ல. யார் தச்சதோ, நல்ல கை."

"புத்தகத்துல அந்த வெள்ள இவ்ளோ பெருசா இல்லையே."

"பாத்தது நானா, புத்தகமா?"

"நீதான்" என்று உடனே ஒப்புக்கொண்டார்.

தம்பி சிரித்தான். "கேட்டுக்கோங்க மச்சான். இனிமே வீட்டுல பறவைக்கெல்லாம் அக்காகிட்டதான் அனுமதி வாங்கணும்."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கண்ணுக்கு மேலே என்ன இருந்தது என்று கேட்டார். வெள்ளையாக ஒரு கோடு, வெட்டுவதற்கு முன் துணியில் சாக்பீஸால் போடுவோமே அப்படி, என்றாள். கால் என்ன நிறம் என்றார். அதைப் பார்க்கவில்லை என்றாள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்வதில் அவளுக்கு ஒரு கௌரவம் இருந்தது. அது கண்ணாடிக்குப் பின்னால் போய் எதிராளியைத் தேடியதைச் சொன்னபோது அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

பிறகு அவர் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் சொல்லிக்கொண்டே போனாள். வாலை விரித்தால் அடிப்பக்கம் இரண்டு ஓரமும் அதே செங்கல் நிறம் தெரியும், மூடினால் ஒன்றுமே தெரியாது, உள்பக்கம் நல்ல துணி வைத்துத் தைத்த கோட்டு மாதிரி என்றாள். அவரிடமிருந்து சத்தமே இல்லை. தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. இரண்டு நாள் அலுப்பு, தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துப் பேச்சை நிறுத்திவிட்டு, அவர் தலைக்கு முட்டுக்கொடுக்கத் துண்டை மடித்தாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் கண்ணைத் திறக்காமலே. "வாலுக்கு வந்திருக்க. மேல சொல்லு."